வளையை அடைத்துக்கொண்ட டாரன்டுலா: தோண்டாமல் அதன் நலத்தை அறிவது எப்படி?

தெப்பக்குளம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் வளர்க்கும் மெக்ஸிகன் ரெட் நீ டாரன்டுலா (முடி அடர்ந்த பெரிய சிலந்தி) ஆடி மாத நடுவிலிருந்து வளைக்குள்ளேயே இருக்கிறது. தொடக்கத்தில், இரவு விளக்கை அணைத்த பிறகு வாசல்வரை வந்து முன்னங்கால்களை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஆவணி பிறந்த சில நாட்களில் வளையின் வாயை உள்ளிருந்தே அடைத்துக்கொண்டது. தென்னை நார்க்கழிவையும் செம்மண்ணையும் நூலில் சேர்த்து அழுத்தி, விரல் பருமனுக்கு ஒரு மூடியாகச் செய்திருக்கிறது.

தொட்டி கண்ணாடியால் ஆனது. அதில் முக்கால் அடி உயரத்துக்கு மண் இருக்கிறது. வளை தொட்டியின் நடுவில் ஒரு மரப்பட்டைக்கு அடியில் தொடங்கிக் கீழே சரிந்து போவதால் பக்கக் கண்ணாடி வழியாக எதுவும் தெரிவதில்லை. தண்ணீர்க் கிண்ணத்தைத் தவறாமல் நிரப்பி வருகிறேன். உள்ளே போவதற்கு முன் அதன் வயிறு நன்றாகப் பருத்திருந்தது. வயிற்றின் பின்புறத்தில் முடி உதிர்ந்து வழுக்கையாக இருந்த இடம் நாளடைவில் கறுத்துவிட்டது. கடைசியாகக் கொடுத்த சில்வண்டைத் தொடாமல் விலகிச் சென்றது.

இவை தோல் உரிப்பதற்கு முந்திய அறிகுறிகள் என்று படித்திருக்கிறேன். ஆனாலும் இவ்வளவு காலம் நீளுமா என்ற கவலை இருக்கிறது. "உள்ளேயே செத்துக் கிடக்கிறதோ என்னவோ, ஒருமுறை மண்ணைக் கிளறிப் பார்த்துவிடேன்" என்று அம்மா சொல்கிறார்கள். மாடி அறை என்பதால் பிற்பகலில் வெப்பம் 34 டிகிரிவரை ஏறுகிறது; அதை நினைத்தால் எனக்கும் அச்சமாக இருக்கிறது. தோண்டிப் பார்க்கலாமா? தோண்டாமலே அது உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பசுமலை

தங்கைக்கு வணக்கம். தயவுசெய்து தோண்ட வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "தோண்டாதே" என்று மட்டும் சொன்னால் நாளைக்கே மறுபடியும் அந்த எண்ணம் வரும்.

தோல் உரிக்கும் வேளையில் டாரன்டுலா தான் பின்னிய நூல் விரிப்பின் மேல் மல்லாந்து படுத்துக்கொள்கிறது. தலைப்பகுதியின் மேலோடு முன்விளிம்பில் பிளந்து திறக்க, அந்த வழியாக எட்டுக் கால்களையும், வாயருகே உள்ள இரண்டு உணர்கால்களையும், விஷப்பற்களையும் பழைய ஓட்டிலிருந்து மெல்ல மெல்ல உருவி எடுக்கிறது. வெளித்தோல் மட்டும் உரிவதில்லை. உணவை உறிஞ்சும் இரைப்பையின் உட்பூச்சும் புத்தகத் தாள்களைப் போல அடுக்கடுக்காக அமைந்த, மூச்சு விடும் ஏட்டு நுரையீரல்களின் உட்பூச்சும் அதனோடு கழன்று வருகின்றன. வளர்ந்த சிலந்திக்கு இந்த வேலை முடியப் பல மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் புதிய உடல் அவ்வளவு மென்மையாக இருக்கும் என்பதால், மேலிருந்து ஒரு கைப்பிடி மண் சரிந்து விழுந்தாலே ஒரு கால் பழைய ஓட்டுக்குள் சிக்கி முறியவோ, வயிறு கிழிந்து உடல் நீர் வெளியேறவோ கூடும். நீங்கள் கரண்டியை இறக்கும் நேரம் அந்த நேரமா, அதற்கு முந்தியதா, பிந்தியதா என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. தோண்டக் கூடாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்தது, அந்த மூடி. செத்துப்போன சிலந்தி வாசலை அடைக்காது. தளர்ந்துபோன சிலந்தியும் இவ்வளவு தடிமனாக அடைக்காது. உள்ளிருந்து மண்ணை உருட்டிக்கொண்டு வந்து, நூல் விட்டுக் கட்டி, அழுத்தி முடிக்க வலுவும் நேரமும் வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், வயிறு நிறையத் தின்ற சிலந்தி தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

காலம் நீள்வதைப் பற்றியும் கவலை வேண்டாம். 2017-இல் வெளியான வகைப்பாட்டு ஆய்வுக்குப் பிறகு, ரெட் நீ என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை பிராக்கிபெல்மா ஹமோரி என்ற இனம் என்று தெளிவாகியிருக்கிறது. அதன் தாயகம் மெக்ஸிகோவின் மேற்குக் கரையில் உள்ள கொலிமா, ஹலிஸ்கோ மாநிலங்களின் இலையுதிர் காடுகள். அங்கே ஆண்டில் பாதிக்கு மேல் மழை கிடையாது. வளைக்குள் இருந்தபடி உணவின்றிக் காத்திருப்பது அதன் இயல்பிலேயே இருக்கிறது. வளர்ந்த பெண் சிலந்தி தோல் உரிப்பதற்கு முன் மாதக்கணக்கில் உண்ணாமல் இருப்பதைப் பலரும் கண்டிருக்கிறார்கள்.

நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியவை சில. உயிருள்ள இரை எதுவும் தொட்டிக்குள் மிச்சம் இருக்கிறதா? அந்த அறையில் கொசுவர்த்தியோ, சுவரில் செருகும் கொசு விரட்டி மருந்தோ பயன்படுத்துகிறீர்களா? தொட்டி வைத்திருக்கும் மேசைக்கு அருகில் கிரைண்டர், துவைக்கும் எந்திரம் போன்ற அதிரும் பொருள் ஏதாவது இருக்கிறதா?

தெப்பக்குளம்

மிக்க நன்றி, அண்ணா. அது உண்ண மறுத்த சில்வண்டை அன்றே பிடித்து வெளியே விட்டுவிட்டேன். மீல்வார்ம் (இரையாகக் கொடுக்கும் புழு) கொடுக்கும் வழக்கம் இல்லை. அறையில் கொசுவலைதான் கட்டுகிறோம், மருந்து எதுவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் கிரைண்டர் இருக்கிறது. அதன் அதிர்வு மேசைக்கு வருவது கையை வைத்தால் தெரிகிறது.

பசுமலை

அப்படியானால் கிரைண்டரைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, அதன் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டுகளைக் கொடுங்கள். தொட்டியை இப்போது அசைக்க வேண்டாம். டாரன்டுலாவுக்கு எட்டுக் கண்கள் இருந்தாலும் பார்வை மங்கல்தான்; கால்களில் உள்ள நுண்ணிய முடிகளால் காற்றின் அசைவையும் தரையின் அதிர்வையும் உணர்ந்துதான் உலகத்தை அறிகிறது. நாம் கேட்காத சலசலப்பும் அதற்கு ஒரு செய்தி.

கொசு மருந்தைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்த மருந்துகள் பூச்சிகளின் நரம்பைத் தாக்குபவை. சிலந்தியையும் அவை விட்டுவைக்காது. மாநகராட்சியிலிருந்து புகை மருந்து அடிக்க வரும் நாளில் சன்னல்களை மூடிவிட்டு, தொட்டியின் மேல் ஈரத்துணியைச் சற்று நேரம் போர்த்தி வையுங்கள். கரப்பானுக்குப் போடும் மருந்துச் சாக்பீஸால் மேசையைச் சுற்றிக் கோடு போடும் வழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

சிம்மக்கல்

பசுமலை அண்ணன் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு உயிரைக் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்து வளர்க்கிறோம் என்றால், அது காட்டில் இருப்பதைப் போலத் தன் விருப்பத்துக்கு வேறிடம் தேடிப் போக முடியாது. வளைக்குள் ஈரம் வற்றிப்போனாலோ, எறும்பு புகுந்தாலோ அது தப்புவதற்கு வழியே இல்லை. மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டுவிட்டு "அதன் இயல்பு" என்று சொல்வது பராமரிப்பு ஆகுமா என்பதுதான் என் கேள்வி.

நான் இருசக்கர வாகனம் பழுது பார்ப்பவன். என்ஜின் சிலிண்டருக்குள் பார்ப்பதற்கு, கைப்பேசியில் செருகும் எண்டோஸ்கோப் கேமரா வைத்திருக்கிறேன். முனை 5.5 மில்லிமீட்டர் பருமன்தான். நுனியைச் சுற்றிச் சிறிய எல்.இ.டி. விளக்குகள் உண்டு, அவற்றின் வெளிச்சத்தைக் கம்பியில் உள்ள சக்கரத்தைத் திருப்பிக் குறைக்கலாம். அடைப்பின் ஓரத்தில் சிறு துளை செய்து அதை மெதுவாக உள்ளே விட்டால், மண்ணைக் கிளறாமலே நிலையைத் தெரிந்துகொள்ளலாம் அல்லவா? விலையும் அதிகம் இல்லை. டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் கிடைக்கும்.

பசுமலை

தம்பியின் கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. பார்க்காமல் விடுவது பராமரிப்பு ஆகாதுதான். ஆனால் உடலைக் கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் பார்ப்பது என்பதில்லை. மூடி இருக்கும் நிலை, மண்ணின் ஈரம், வாடை, எறும்பின் நடமாட்டம், தண்ணீர்க் கிண்ணம் ஆகிய ஐந்தையும் நாள்தோறும் கவனிப்பவர் அந்தச் சிலந்தியைக் கைவிடவில்லை.

கேமராவை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். திறந்திருக்கும் வளைக்கு அது நல்ல கருவி. வெளிச்சத்தைக் குறைத்து, முனையில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, வாசலுக்கு உள்ளே ஒரு விரற்கடை மட்டும் நுழைத்துப் பார்க்கலாம். அடைக்கப்பட்ட வளைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். துளையிடும்போது உதிரும் மண் எங்கே விழும் என்று தெரியாது. மூடி உடைந்ததை உணர்ந்தால், தோல் உரிக்கவிருக்கும் சிலந்தி இருக்கும் வலுவைச் செலவிட்டு மறுபடியும் அடைக்க முயலும். முனை உடலில் பட்டால், பகை வந்துவிட்டதென்று கடிக்கவும் கூடும். தோல் உரிக்கும் தருவாயில் அந்தக் கடி கேமராவைவிட அதன் பற்களுக்குத்தான் கேடு.

இன்னொன்றும் உண்டு, இது நம் பாதுகாப்புக்கானது. அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலாக்களில் பலவற்றுக்கு வயிற்றில் எரிச்சலூட்டும் முடிகள் உண்டு. ரெட் நீயும் அந்த வகையே. அவற்றில் சில இனங்கள் தோல் உரிக்கும் விரிப்பிலேயே அந்த முடிகளைக் கலந்து பின்னுகின்றன. வளை வாயருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்ப்பதும் வாயால் ஊதுவதும் கூடாது. அந்த முடி கண்ணில் பட்டால் கருவிழிக்குள் தைத்துக்கொள்ளும். எடுப்பது எளிதல்ல, வீக்கம் நீண்ட நாள் இருக்கும். தொட்டியில் எந்த வேலை செய்தாலும் கண்ணாடி அணிந்து செய்யுங்கள்.

மேலூர் (விவசாயி)

நான் சிலந்தி வளர்ப்பவன் அல்லன். ஆனால் எங்கள் பக்கத்துக் கண்மாய்க் கரைகளிலும் பாறை அடிவாரங்களிலும் மண்ணுக்குள் வாழும் பெரிய சிலந்திகளைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன் என்பதால் எழுதுகிறேன்.

வரப்பில் உள்ள துளைகளை அடையாளம் காண்பது கடினமில்லை. நண்டு வளையின் வாயில் ஈர மண் உருண்டைகள் குவிந்திருக்கும். எலி வளைக்கு முன்னால் பொலபொலவென்று மண் தள்ளியிருக்கும், கதிர்த் துணுக்குகளும் கிடக்கும். சிலந்தியின் வளை வட்டமாக, உட்சுவர் வழவழப்பாக இருக்கும். வாயைச் சுற்றி வெண்மையான நூல் பாய் விரித்திருக்கும், அதில் காய்ந்த புல்லும் சருகும் ஒட்டியிருக்கும். கோடையில் அந்த வாய் சருகும் நூலுமாக மூடிக்கிடக்கும். புரட்டாசி, ஐப்பசியில் நல்ல மழை பெய்து மண் நனைந்த பிறகு ஒரு இரவு போய்ப் பார்த்தால் திறந்திருக்கும்.

உள்ளே ஆள் இருக்கிறதா என்று அறிய நான் செய்வது இது. பொழுது சாயும் நேரத்தில், உலர்ந்த புல் தாள் இரண்டை வாயின் குறுக்கே பெருக்கல் குறியாக, எடையே படாமல் வைத்துவிட்டு வந்துவிடுவேன். காலையில் அவை நகர்ந்திருந்தால் வளையில் புழக்கம் இருக்கிறது. நகராமல் இருந்தால் அது செத்துவிட்டது என்று பொருளல்ல. அன்று அது வெளியே வரவில்லை, அவ்வளவுதான். அடைத்த வளையிலும் இது உதவும். மூடியின் மேலேயே ஒரு தாளை வைத்துவிட்டால், உள்ளிருந்து மண்ணைத் திருத்தும்போது அது சற்றுச் சாயும். மகள் அதைச் செய்து பார்க்கலாம். பழுது எதுவும் வராது.

வில்லாபுரம்

புல் தாளுக்குப் பதிலாக, மூடியைச் சுற்றிக் கோலமாவை மெல்லத் தூவி வைத்தால் காலடித் தடம் தெளிவாகப் பதியுமே? எங்கள் வீட்டில் பல்லியும் எலியும் வந்து போகும் வழியை அப்படித்தான் கண்டுபிடிப்போம்.

பசுமலை

அம்மா, தடம் பார்க்கும் யோசனை நல்லதுதான். பொருளைத்தான் மாற்ற வேண்டும். அரிசி மாவு என்றால் விடிவதற்குள் எறும்புச் சாரை வந்துவிடும், நாம் எதற்கு அஞ்சுகிறோமோ அதையே கூப்பிட்டு வைத்ததாகிவிடும். கல்மாவு என்றால் அந்த நுண்தூள் சிலந்தியின் கால் மூட்டுகளிலும் வயிற்றின் அடியில் உள்ள மூச்சுத் துளைகளிலும் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில், நன்றாகக் கழுவி உலர்த்திச் சலித்த ஆற்று மணலை ஒரு சிட்டிகை எடுத்து வாசலுக்கு முன்னால் மெல்லிய படலமாகத் தூவலாம். வளை திறந்த பிறகு கால் நுனிகள் பதிந்த சிறு புள்ளிகள் அதில் தெரியும்.

எறும்பைத் தடுக்கப் பழைய முறையே சிறந்தது. மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தி, மேசை சுவரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்கம்பி ஒன்று மேசையிலிருந்து சுவருக்குப் போனாலும் எறும்பு அதில் ஏறி வந்துவிடும்.

தெப்பக்குளம்

மேலூர் ஐயா சொன்னபடி மூடியின் மேல் ஒரு புல் தாளை வைத்தேன். முதல் சில நாட்கள் அசைவே இல்லை. இன்று காலை அது ஒரு பக்கமாகச் சரிந்து, மூடியின் நடுவில் புதிய ஈர மண் ஒரு மொச்சை அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. அம்மாவையும் அழைத்துக் காட்டினேன். தோண்டும் பேச்சு இப்போது வீட்டில் இல்லை.

ஈரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஆடிக் காற்றிலேயே மேல்மண் முழுவதும் உலர்ந்து வெளுத்துவிட்டது. மூடியின் மேல் தண்ணீர் தெளிக்கலாமா? அறை வெப்பத்துக்கு என்ன செய்வது?

பசுமலை

மூடியின் மேல் தெளிக்க வேண்டாம். மேலிருந்து நனைத்தால் வளையின் கூரை கனத்துச் சரியக்கூடும். தொட்டியின் மூலையில், வளையிலிருந்து தள்ளி, கண்ணாடியை ஒட்டி ஒரு உறிஞ்சுகுழலை அடிவரை செருகி, அதன் வழியாகச் சிறிது சிறிதாகத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் அடியில் பரவி, அடிமண் மட்டும் ஈரமாகும். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தால் கறுத்த பட்டையாக அந்த ஈரம் ஏறி வருவது தெரியும். அடியில் மூன்றில் ஒரு பங்கு கறுத்திருந்தால் போதுமானது. மேல்மண் உலர்ந்திருப்பது நல்லதே, பூஞ்சை பிடிக்காது. ஒரேயடியாக ஊற்றிவிட்டால் வளையின் அடியில் தேங்கிவிடும், அதனால் ஒரு நாள் சிறிது, மறுநாள் சிறிது என்று விட வேண்டும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, 34 டிகிரி என்பது அறைக் காற்றின் அளவு. முக்கால் அடி ஈரமண்ணுக்கு அடியில் அதைவிடக் குறைவாகவே இருக்கும்; சிலந்தி ஆழத்துக்குப் போவதன் நோக்கங்களில் அதுவும் ஒன்று. தொட்டியின் மேல் வெயில் நேராக விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கண்ணாடித் தொட்டி வெயிலில் சூடேறினால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அக்னி நட்சத்திரத்தில் மதுரையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தொட்டியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதே நல்லது. அடுத்த சித்திரைக்கு முன் அதற்கு இடம் பார்த்து வையுங்கள். குளிர் நாடுகளில் வாழ்பவர்கள் தொட்டிக்கு அடியில் வைக்கச் சொல்லும் வெப்பத் தகடு நம் ஊருக்குத் தேவையே இல்லை. வெப்பத்திலிருந்து தப்ப ஆழத்துக்குப் போகும் உயிருக்கு அடியிலிருந்தே சூடு ஏறினால் அது எங்கே போகும்?

சிம்மக்கல்

புல் தாள் சரிந்ததைப் படித்து மகிழ்ந்தேன். என் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிட்டது. மீதிப் பாதி இது: எந்த அறிகுறியைக் கண்டால் திறந்தே ஆக வேண்டும்? "எப்போதும் திறக்காதே" என்பது ஒரு விதியாக இருக்க முடியாது.

ஒத்தக்கடை (கால்நடை மருத்துவர்)

சிம்மக்கல் நண்பர் கேட்டதற்கு என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில் உயிருள்ளதையும் இறந்ததையும் வேறுபடுத்தும் அடிப்படை. சிலந்தியின் கால்களில் முக்கியமான சில மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை கிடையாது. மடக்குவதற்கு மட்டுமே உண்டு. உடல் நீரை அழுத்தி உள்ளே செலுத்தித்தான் அது கால்களை நீட்டுகிறது. ஆகவே உயிர் போனாலோ, உடலில் நீர் மிகவும் குறைந்தாலோ கால்கள் எட்டும் வயிற்றுக்கு அடியில் சுருண்டுவிடும். நிமிர்ந்த நிலையில், கால்கள் உள்நோக்கிச் சுருண்டு கிடந்தால் அது அபாயம். மல்லாந்து, கால்கள் விரிந்து கிடந்தால் அது தோல் உரிப்பு. புதிதாக வளர்ப்பவர்கள் மல்லாந்து கிடப்பதைக் கண்டு இறந்துவிட்டது என்று எண்ணித் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். அதுவே அதற்கு முடிவாகிவிடுகிறது.

அடைத்த வளையைத் திறக்க வேண்டிய நிலைகள் என் பார்வையில் மிகச் சில. மூடியைத் துளைத்துக்கொண்டு எறும்புகள் உள்ளே போவதும் துணுக்குகளைச் சுமந்து வெளியே வருவதும் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. அழுகல் வாடை தெளிவாக வந்து, சிற்றீக்கள் மூடியைச் சுற்றி மொய்த்தாலும் அப்படியே. தண்ணீர் கொட்டி வளை மூழ்கிவிட்டாலோ, தொட்டி சாய்ந்து மண் சரிந்துவிட்டாலோ திறந்துதான் ஆக வேண்டும். காலம் நீண்டுவிட்டது என்பது மட்டும் ஒரு காரணமாகாது. மண்ணில் பூஞ்சை இழை தெரிந்தாலும் பதற வேண்டாம். காற்றோட்டத்தைக் கூட்டினால் போதும்.

திறக்கும்போது மேலிருந்து குத்தித் தோண்டக் கூடாது. வளை சரிந்து போகும் திசையைக் கணித்து, அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு தேக்கரண்டியால் மண்ணைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்துக்கொண்டே நெருங்க வேண்டும். நூல் பூசிய சுவர் தென்பட்டவுடன் கரண்டியை வைத்துவிட்டு மென்மையான ஓவியத் தூரிகையால் விலக்க வேண்டும். அருகில் மூடியுள்ள ஒரு டப்பா தயாராக இருக்கட்டும். உள்ளே மல்லாந்திருப்பது தெரிந்தால், எறும்பு இல்லாத பட்சத்தில், அத்தோடு நிறுத்திவிட்டு, திறந்த பக்கத்தை அட்டையால் மறைத்துவிடுங்கள். கால்கள் சுருண்டு, ஆனால் தொட்டால் மெல்ல அசைந்தால், ஆழமில்லாத தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் முன்பகுதி மட்டும் நீரில் படும்படி வையுங்கள். வாய் விஷப்பற்களுக்குக் கீழே, அடிப்பக்கத்தில் இருக்கிறது. மூச்சுத் துளைகள் வயிற்றின் அடியில் இருக்கின்றன. அதனால் முன்பாதி நனையலாம், வயிறு நனையக் கூடாது.

நெறியாளர்

இழையைப் படிக்கும் புதியவர்களுக்காக ஒரு செய்தி. பிராக்கிபெல்மா இனங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும், 2024-இல் வெளியான விதிகளின்படியும் இத்தகைய உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கும்போதே ஆவணங்களைக் கேட்டுப் பெறுங்கள். மேலூர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு அழகர்மலைக்கோ அரிட்டாபட்டிக்கோ போய் வளைகளைத் தோண்ட யாரும் நினைக்க வேண்டாம். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டவை. ராமேசுவரத்தில் கண்டறியப்பட்டு 2004-இல் விவரிக்கப்பட்ட பொசிலோதெரியா ஹனுமாவிலாசுமிகா என்ற மரவாழ் டாரன்டுலா இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. நம் மண்ணின் சிலந்திகளை அவை இருக்கும் இடத்திலேயே பார்ப்போம்.

மேலூர் (விவசாயி)

நெறியாளர் சொன்னதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஒரு வளையைச் சிதைத்துவிட்டால் அதே ஆழத்துக்கு அந்தச் சிலந்தி மறுபடியும் தோண்டி முடிப்பதற்குள் பறவையோ குளவியோ அதைக் கண்டுவிடும். கரையில் உட்கார்ந்து பார்ப்பதற்குத் தடையேதும் இல்லை.

தெப்பக்குளம்

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு எழுதுகிறேன். உறிஞ்சுகுழல் வழியாகத் தண்ணீர் விட்டு அடிமண்ணை ஈரமாகவே வைத்திருந்தேன். நேற்று இரவு மூடியின் ஒரு பக்கம் உள்ளிருந்து தள்ளப்பட்டுத் திறந்திருந்தது. சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சைத் தொலைவிலிருந்து காட்டினேன். வாசலுக்குச் சற்று உள்ளே இரண்டு கால் நுனிகள் தெரிந்தன. மூன்றாவது கால் மெல்ல நகர்ந்து சுவரில் ஊன்றியது. இன்று காலை பார்த்தபோது பழைய தோல் கசங்கிச் சுருண்டு தண்ணீர்க் கிண்ணத்தின் அருகே கிடந்தது. கண்ணாடி அணிந்து, நீளமான இடுக்கியால் அதை எடுத்துவிட்டேன். வழிகாட்டிய அனைவருக்கும், குறிப்பாகப் பசுமலை அண்ணனுக்கும் டாக்டருக்கும் மேலூர் ஐயாவுக்கும், என் அம்மா சார்பிலும் நன்றி சொல்கிறேன்.

இந்தத் தோலை வைத்து ஆணா பெண்ணா என்று அறியலாமா? எப்போது உணவு கொடுக்கலாம்?

ஒத்தக்கடை (கால்நடை மருத்துவர்)

மிக்க மகிழ்ச்சி. தோலை உலர விடாதீர்கள். உலர்ந்தால் தொட்டவுடன் நொறுங்கும். வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் விட்டு, அதில் தோலைச் சற்று நேரம் ஊறவையுங்கள். தலைப்பகுதியின் மேலோடு பெட்டி மூடியைப் போலத் தனியாகக் கழன்றிருக்கும். உங்களுக்கு வேண்டியது அதுவல்ல, அதன் பின்னால் ஈரக் காகிதமாகச் சுருங்கிக் கிடக்கும் வயிற்றுத் தோல். கைகளுக்கு உறை போட்டுக்கொண்டு, இரண்டு தூரிகைகளால் அதை மெல்ல விரித்து, உட்பக்கம் மேலே வரும்படி வையுங்கள். நான்கு வெண்மையான திட்டுகள் தெரியும். அவை ஏட்டு நுரையீரல்களின் உட்பூச்சு. முன்னால் உள்ள இரண்டு திட்டுகளுக்கு நடுவே, குறுக்காக ஓடும் பிளவில், தனியாக எழுந்து நிற்கும் சிறு மடல் இருந்தால் பெண். அது விந்தைச் சேமித்து வைக்கும் உறுப்பு. கைப்பேசியின் கேமரா முன் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் படமெடுத்து இங்கே இடுங்கள்; பார்த்துச் சொல்கிறேன். பெண்ணாக இருந்தால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும் என்பதால், தொட்டியையும் இடத்தையும் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

சிம்மக்கல்

இப்போது வளை திறந்துவிட்டதால் கேமராவை இரவல் தரத் தயாராக இருக்கிறேன், தங்கச்சி. வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

பசுமலை

கேமராவைச் சற்றுத் தள்ளிப்போடுவோம், தம்பி. அதன் உடல் கெட்டிப்படட்டும். அதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. அடுத்த முறை மண் மாற்றும்போது, வளையின் தொடக்கத்தைப் பக்கக் கண்ணாடியை ஒட்டி, விரலால் சரிவாக அழுத்திக் கொடுங்கள். அது பெரும்பாலும் அந்தத் தொடக்கத்தையே பின்பற்றிக் கண்ணாடியோரமாகத் தோண்டும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் கறுப்புத் தாளை மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் திரையாகத் தொங்கவிட்டால், வேண்டும்போது தூக்கிப் பார்த்துவிட்டு மறைத்துவிடலாம். இருட்டாக இருப்பதால் அந்தக் கண்ணாடியை அது சுவராகவே ஏற்றுக்கொள்ளும். சில இனங்கள் கண்ணாடியின் மேலும் நூலைப் பூசிவிடும் என்பது உண்மைதான், ஆனாலும் நிழலாவது தெரியும்.

உணவுக்கு அவசரம் வேண்டாம். தோல் உரித்தவுடன் விஷப்பற்கள் வெண்மையாக இருக்கும், பிறகு சிவந்து, கடைசியில் முழுவதும் கறுக்கும். கறுத்த பிறகும் சில நாட்கள் பொறுத்து, தோல் உரித்ததிலிருந்து இரண்டு வாரம் கழித்து, முதலில் ஒரு சிறிய சில்வண்டின் தலையை நசுக்கிவிட்டு வாசலருகே வையுங்கள். உயிரோடு விட்டால், மென்மையாக இருக்கும் கால்களை அது கடித்துவிடும். காலையில் தொடாமல் கிடந்தால் எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் கொடுங்கள். அதுவரை தண்ணீர்க் கிண்ணம் நிறைந்திருந்தால் போதும்.